தண்டனை குற்றவாளிக்கு, ஈடு யாருக்கு?

 

"குற்றவாளிக்கு ஏழாண்டு கடுங்காவல் தண்டனை, பத்தாயிரம் ரூபாய் அபராதம்" என்று நாளிதழில் படிக்கிறோம். நீதி நிலைநாட்டப்பட்டுவிட்டது என்ற மனநிறைவோடு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்தப் பத்தாயிரம் ரூபாய் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? நீதிமன்றம் தனியாக ஆணையிட்டாலன்றி அது அரசுக் கருவூலத்திற்குப் போகிறது. வெட்டுப்பட்டுக் கையிழந்த கூலித் தொழிலாளியின் வீட்டிற்கு அதில் ஒரு காசும் வருவதில்லை. மருத்துவத்திற்காக அவர் வாங்கிய கடன், வேலைக்குப் போக இயலாமல் கழிந்த மாதங்கள், படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்த மகன் ஆகிய எவற்றையும் அந்தத் தீர்ப்பு தொடுவதில்லை. வழக்கின் தலைப்பிலும் அவர் பெயர் இராது. அரசு ஒரு தரப்பு, குற்றம் சாட்டப்பட்டவர் மறுதரப்பு. அடி வாங்கியவர் அங்கே ஒரு சாட்சி, அவ்வளவே.

இந்தக் குறையை இஸ்லாமிய ஷரீஅத் எவ்வாறு அணுகியது, நாம் வாழும் நாட்டின் சட்டம் இப்போது எதைத் தருகிறது, அதை நம்மில் பலர் ஏன் பெறாமலே இருக்கிறோம் என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அடியார்களின் உரிமை

பாவமன்னிப்புக்கு மார்க்க அறிஞர்கள் மூன்று நிபந்தனைகளைக் கூறுவர்: பாவத்தை விட்டு விலகுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல். பாவம் ஒரு மனிதர் தொடர்பானதாக இருந்தால் நான்காவது நிபந்தனை ஒன்று உண்டு என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதுகிறார்கள். உரியவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும் என்பதே அது. இரவெல்லாம் நின்று வணங்கி அழுதாலும் அபகரித்த நிலம் கையில் இருக்கும் வரை தவ்பா நிறைவு பெறாது.

மறுமை நாளின் ஓட்டாண்டி யார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டு விளக்கிய நபிமொழியை (முஸ்லிம்) ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். தொழுகை, நோன்பு, ஜகாத் அனைத்தோடும் ஒருவன் வருவான். ஆனால் ஒருவரை ஏசியிருப்பான், மற்றொருவரின் பொருளைத் தின்றிருப்பான், வேறொருவரின் இரத்தத்தைச் சிந்தியிருப்பான். அவனுடைய நன்மைகள் எடுக்கப்பட்டு அவர்களுக்குப் பகிரப்படும். நன்மைகள் தீர்ந்த பிறகும் கடன் மீதமிருந்தால் அவர்களுடைய பாவங்கள் அவன் மீது சுமத்தப்படும். இந்த நபிமொழியில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. குற்றம் செய்தவன் நரகில் எறியப்படுவதோடு கணக்கு முடியவில்லை. அதற்கு முன்பே பாதிக்கப்பட்டவரின் கைக்கு அவருக்குரியது போய்ச் சேர்ந்துவிடுகிறது. மறுமையின் நீதிமன்றத்தில் முதலில் ஈடு. அதன் பிறகே தண்டனை.

ஒரு வயலும் சில ஆடுகளும்

நபி தாவூத் (அலை), நபி சுலைமான் (அலை) ஆகிய இருவரும் வழங்கிய ஒரு தீர்ப்பை அருள்மறை (21:78,79) சுருக்கமாகச் சுட்டிக் காட்டுகிறது. ஒருவருடைய ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. விவரத்தைத் திருக்குர்ஆன் விரிவுரையாளர்கள் நபித்தோழர்கள் வழியாக எடுத்துரைக்கின்றனர். தந்தை தாவூத் (அலை) அவர்கள், அழிந்த விளைச்சலுக்கு ஈடாக ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடத் தீர்ப்பளித்தார்கள். நட்டத்தின் மதிப்பு ஆடுகளின் விலைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்திருக்கலாம்; கணக்கில் பிழை இல்லை. இளைஞரான சுலைமான் (அலை) அவர்களுக்கோ அல்லாஹ் வேறொரு விளக்கத்தை அருளினான். ஆடுகள் நிலத்துக்காரரிடம் தற்காலிகமாக ஒப்படைக்கப்பட வேண்டும். அவர் பாலையும் உரோமத்தையும் பயன்படுத்திக் கொள்வார். ஆட்டுக்காரர் அந்த நிலத்தில் இறங்கி உழைத்துப் பயிரைப் பழைய நிலைக்குக் கொண்டு வர வேண்டும். பயிர் முன்பிருந்த நிலையை அடைந்ததும் நிலம் உரியவரிடமும் ஆடுகள் உரியவரிடமும் திரும்பும்.

இந்தத் தீர்ப்பின் நுட்பத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். நிலத்துக்காரருக்கு இழந்தது திரும்பக் கிடைக்கிறது. அது கிடைக்கும் வரையிலான காலத்திற்கு வாழ வழியும் கிடைக்கிறது. ஆட்டுக்காரரும் தம் வாழ்வாதாரத்தை நிரந்தரமாக இழக்கவில்லை. ஆனால் தாம் விளைவித்த அழிவைத் தம் உழைப்பாலேயே சீர்செய்ய வேண்டியவராகிறார். இழப்பீட்டைப் பற்றி இன்றைய குற்றவியல் அறிஞர்கள் எழுதும் நூல்களில் "பாதிக்கப்பட்டவரைப் பழைய நிலைக்குக் கொண்டு வருதல்" என்பது பெரிய கோட்பாடாகப் பேசப்படுகிறது. அதன் முழு வடிவமும் இரண்டு வசனங்களின் நிழலில் இருக்கிறது.

அண்ணலாரின் இல்லத்திலேயே இதற்கு ஒரு சிறிய முன்மாதிரி உண்டு. மனைவியரில் ஒருவர் அனுப்பிய உணவுத் தட்டை மற்றொரு மனைவி தட்டிவிட, அது உடைந்தது. நபி (ஸல்) அவர்கள் சிதறிய உணவைத் தம் கையால் அள்ளினார்கள். பின்னர் உடைத்தவரின் வீட்டிலிருந்த நல்ல தட்டை உரியவருக்கு அனுப்பி, உடைந்ததை அங்கேயே வைத்துக் கொண்டார்கள் (புகாரி). கோபத்தையும் மனத்தாங்கலையும் பெரிதுபடுத்தவில்லை. தட்டு மட்டும் தட்டாகத் திரும்பியது.

திருட்டுக் குற்றத்தில் நம் இமாம்களிடையே உள்ள ஒரு கருத்து வேறுபாடும் இங்கு அறியத்தக்கது. திருடிய பொருள் அப்படியே இருந்தால் உரியவரிடம் திருப்பித் தர வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. பொருள் அழிந்துவிட்டால், கைவெட்டும் தண்டனை நிறைவேற்றப்பட்ட பிறகு அதன் மதிப்பையும் வசூலிக்க முடியாது என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலைப்பாடு. தண்டனை அல்லாஹ்வின் உரிமை, ஈடு அடியானின் உரிமை. ஒன்று மற்றதை நீக்காது, எனவே மதிப்பையும் கொடுத்தாக வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. தமிழகத்தில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். இதில் சரி, தவறு பார்ப்பது நம் வேலையன்று. பொருளை இழந்தவரின் நிலை என்ன என்ற கேள்வி பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே சட்ட மேதைகளின் அவையில் எழுப்பப்பட்டுவிட்டது என்பதே கவனிக்க வேண்டியது.

திய்யத்: குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுவது

தவறுதலாக ஓர் இறைநம்பிக்கையாளரைக் கொன்றவர் பற்றி அருள்மறை (4:92) பேசும்போது, பரிகாரத்தோடு உயிரீட்டுத் தொகையையும் கடமையாக்குகிறது. அந்தத் தொகை கொல்லப்பட்டவரின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அது குறிப்பிட்டுச் சொல்கிறது. அரசின் கருவூலத்திற்கோ, நீதிபதிக்கோ, குலத் தலைவனுக்கோ அதில் பங்கில்லை. குடும்பத்தார் விட்டுக்கொடுத்தால் அது அவர்கள் செய்யும் தர்மம். நூறு ஒட்டகங்கள் என்பது நபிமொழிகளில் வந்துள்ள அளவு. அன்றைய அரபுச் சமூகத்தில் அது ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து வாழப் போதுமான செல்வமாகும்.

இவ்வளவு பெரிய தொகையை ஏழையொருவன் எங்கிருந்து கொடுப்பான்? அதற்கும் வழி வகுக்கப்பட்டது. தவறுதலான கொலையில் திய்யத்தைக் கொன்றவனின் ஆண்வழி உறவினர்கள் மூன்றாண்டுத் தவணைகளில் பங்கிட்டுச் செலுத்த வேண்டும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படைவீரர்களின் பதிவேட்டை உருவாக்கிய பிறகு, ஒரே பதிவேட்டில் உள்ளவர்கள் அப்பொறுப்பை ஏற்கும் முறையை ஏற்படுத்தினார்கள் என்று ஹனஃபீ சட்ட நூல்கள் கூறுகின்றன. குற்றவாளியின் வறுமை பாதிக்கப்பட்டவரின் உரிமையை விழுங்கிவிடக் கூடாது என்பதே இதன் கருத்து. இன்று நம் நீதிமன்றங்களில் "எதிரி வசதியற்றவர்" என்ற ஒரு வரியோடு எத்தனை இழப்பீடுகள் மறைந்து போகின்றன!

கொன்றவன் யாரென்றே தெரியாவிட்டால்? கைபரில் அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி) எனும் தோழர் கொல்லப்பட்டுக் கிடந்தார். அவருடைய சகோதரரும் உறவினர்களும் அண்ணலாரிடம் முறையிட்டனர். கொன்றவன் இன்னான் என்று ஐம்பது சத்தியங்கள் செய்து உறுதிப்படுத்த முடியுமா என்று கேட்கப்பட்டபோது, கண்ணால் காணாததற்கு எப்படிச் சத்தியம் செய்வோம் என்று அவர்கள் பின்வாங்கினர். கைபர்வாசிகளான யூதர்கள் ஐம்பது சத்தியங்கள் செய்து தங்கள் மீதான குற்றச்சாட்டை மறுக்கலாம் என்றபோது, அதை ஏற்க இவர்களுக்கு மனமில்லை. ஆதாரமின்றி எவரையும் தண்டிக்க முடியாது. ஆனால் இறந்தவரின் குடும்பத்தை வெறுங்கையோடு திருப்பி அனுப்பவும் அண்ணலாருக்கு மனமில்லை. பொது நிதியைச் சேர்ந்த நூறு ஒட்டகங்களைத் தாமே ஈடாக வழங்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). இதை அறிவிக்கும் ஸஹ்ல் பின் அபீ ஹஸ்மா (ரலி) அவர்கள், அவற்றுள் ஓர் ஒட்டகம் தம்மை உதைத்ததாகவும் நினைவுகூர்கிறார்கள். ஈடு வாய்ப்பேச்சாக நின்றுவிடவில்லை. ஒட்டகங்கள் வீடு வந்து சேர்ந்தன என்பதற்கு அந்த உதையும் ஒரு சான்று!

தவறிழைத்தது ஆட்சியின் படையாகவே இருந்தால்? ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றிக்குப் பின் பனூ ஜதீமா கோத்திரத்தாரிடம் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். இஸ்லாத்தை ஏற்றதை அவர்கள் சரியான சொல்லால் வெளிப்படுத்தாததால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, அவர்களில் பலர் கொல்லப்பட்டனர். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலிதின் இச்செயலில் தமக்குப் பொறுப்பில்லை என்று இறைவனிடம் முறையிட்டார்கள் (புகாரி). பின்னர் அலீ (ரலி) அவர்களிடம் பெருந்தொகையைக் கொடுத்து அனுப்பினார்கள். அலீ (ரலி) அவர்கள் ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஈடு கொடுத்தார்கள். நாய் நீர் குடிக்கும் மரக்கலம் வரை கணக்கில் வந்தது என்று இப்னு ஹிஷாமின் வரலாற்று நூல் பதிவு செய்கிறது. அதற்குப் பிறகும் பணம் மீதமிருந்தது. உங்களுக்கும் தெரியாமல் எங்களுக்கும் தெரியாமல் ஏதேனும் விடுபட்டிருக்கலாம் என்று கூறி, மீதியையும் அவர்களிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அண்ணலார் அதைப் பாராட்டினார்கள். ஓர் அரசு தன் தவறுக்கு ஈடு செய்த வரலாறுகளில் இதற்கு இணையானதைக் காண்பது அரிது.

நாம் வாழும் நாட்டின் சட்டம்

ஷரீஅத்தின் குற்றவியல் சட்டங்கள் இந்நாட்டில் நடைமுறையில் இல்லை. அவற்றைத் தனிநபரோ ஜமாஅத்தோ கையில் எடுக்க மார்க்கமும் அனுமதிக்கவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு என்ற நீதியை நாட்டின் சட்டமே இப்போது ஏற்றிருக்கிறது. அதை அறியாமல் இருப்பது நம்முடைய குறை.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 357-ஆவது பிரிவில், வசூலாகும் அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு ஈடு வழங்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் தந்தது. அபராதம் விதிக்கப்படாத வழக்கிலும் குற்றவாளி தனியே ஒரு தொகையைச் செலுத்த ஆணையிடலாம் என்றது. அதிகாரம் ஏட்டில் இருந்தது. நீதிமன்றங்கள் அதை அரிதாகவே பயன்படுத்தின. தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று 1988-இல் ஹரி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டுக் கொண்டது. கால் நூற்றாண்டு கழித்து 2013-இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில், இழப்பீடு பற்றி ஒவ்வொரு குற்றவியல் வழக்கிலும் நீதிமன்றம் சிந்தித்தாக வேண்டும், கொடுத்தாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும் என்று மீண்டும் வற்புறுத்த நேர்ந்தது. குற்றவாளியிடமிருந்து வரும் தொகைக்கு இன்னொரு தடையும் உண்டு: அபராதத்திலிருந்து கொடுக்க வேண்டிய ஈடு, மேல்முறையீடு முடியும் வரை வழங்கப்படாது.

பெரிய மாற்றம் 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் விளைந்தது. 357-ஏ எனும் புதிய பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் அவரைச் சார்ந்து வாழ்ந்தோருக்கும் அரசு நிதியிலிருந்து இழப்பீடு வழங்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. தமிழகத்தில் அத்திட்டம் 2013-இல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிடித்துக் கொண்டது. அதில் 395, 396, 397 ஆகிய பிரிவுகளில் இவை தொடர்கின்றன.

இந்தப் பிரிவின் ஓர் அம்சம் கைபர் நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது. குற்றவாளி அடையாளம் காணப்படாவிட்டாலும், பிடிபடாமல் விசாரணையே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிவெடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் கூட, பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கருதினால் நீதிமன்றம் பரிந்துரை செய்யலாம். "ஆள் அகப்படவில்லை, வழக்கை மூடிவிட்டார்கள், இனி என்ன இருக்கிறது" என்று வீட்டில் முடங்கிக் கிடக்கும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. அவர்களுக்கான கதவு இது.

அமில வீச்சுக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளானோருக்கு அரசு மருத்துவமனை மட்டுமின்றித் தனியார் மருத்துவமனையும் இலவசமாக உடனடிச் சிகிச்சை அளித்தாக வேண்டும். பெண்களுக்காகத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த 2018-ஆம் ஆண்டுத் திட்டம், உயிரிழப்புக்கு 5 முதல் 10 இலட்சம் ரூபாய், வன்புணர்வுக்கு 4 முதல் 7 இலட்சம் ரூபாய் என்று அளவுகளை நிர்ணயித்தது. தீர்ப்பு வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இடைக்கால உதவியைக் கேட்கலாம். நீதிமன்றம் வழங்கிய ஈடு போதவில்லையென்றால் மேல்முறையீடு செய்யும் உரிமையும் பாதிக்கப்பட்டவருக்கு உண்டு.

அரசே பொறுப்பாளியாகும் இடத்தில் நம் நீதிமன்றங்கள் நெடுந்தூரம் நடந்து வந்துள்ளன. 1968-இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றும் 1982 வரை பீகார் சிறையிலேயே அடைத்து வைக்கப்பட்ட ருதுல் ஷாவுக்கு 1983-இல் உச்ச நீதிமன்றம் பெற்றுத் தந்தது 35,000 ரூபாய். பதினான்கு ஆண்டு வாழ்வுக்கு அது ஈடா என்று கேட்கலாம். ஆனால் பிற்காலத் தீர்ப்புகளுக்கு அதுவே வாசலைத் திறந்தது. 2002 குஜராத் வன்செயல்களில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி, பெற்ற குழந்தையையும் உறவினர்களையும் பறிகொடுத்த ஒரு சகோதரி, மாநில அரசு தர முன்வந்த 5 இலட்சத்தை ஏற்க மறுத்தார். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாயும், அரசு வேலையும், வீடும் வழங்க ஆணையிட்டது. அவர் பெயரை இங்கு எழுத வேண்டியதில்லை, நாடறியும். அதே சமயம், ஆதாரமின்றிக் கைது செய்யப்பட்டவருக்கு, அக்கைதுக்குக் காரணமானவரிடமிருந்து குற்றவியல் நடுவர் பெற்றுத் தரக்கூடிய தொகை புதிய சட்டத்திலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. பொய் வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடி விடுதலையானோருக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-இல் தனது 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் அறிக்கையாகவே இருக்கிறது.

மஹல்லாவின் பொறுப்பு

ஒரு குடும்பத்தில் கொலையோ கொடுங்காயமோ நேர்ந்தால் ஜமாஅத்தார் கூடி ஆறுதல் கூறுகிறோம், பைத்துல் மாலிலிருந்து சிறு உதவி செய்கிறோம். அத்தோடு ஒருவர் அக்குடும்பத்தை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவச் சான்றுகள், செலவுச் சீட்டுகள், இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் ஆகியவற்றைத் திரட்டிக் கொடுப்பது எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரால் இயலும். இதற்குக் கட்டணம் இல்லை; காலதாமதம் மட்டும் கூடாது.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஊர்களில் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை "சமாதானம்" என்ற பெயரில் ஒரு தொகை பேசி மூடிவிடுகிறார்கள். அதற்குத் திய்யத் என்று பெயரும் சூட்டுகிறார்கள். இது மார்க்கத்தின் மீது கூறப்படும் பொய். மன்னிக்கும் உரிமை உரியவருக்கு உண்டு என்று அருள்மறை (2:178) கூறுவது கொலையுண்டவரின் வாரிசுகளைப் பற்றி. அதுவும் அவர்கள் தாமாக முன்வந்தால்தான். பத்துப் பேர் சூழ்ந்து அமர்ந்து, மகளின் திருமணத்தைக் காட்டி மிரட்டிப் பெறும் சம்மதம் மன்னிப்பாகாது. வன்புணர்வு வழக்கில் சமரசத்திற்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2013-இல் தெளிவாகக் கூறிவிட்டது. அத்தகைய பஞ்சாயத்தில் அமர்பவர், பாதிக்கப்பட்டவரின் உரிமையைப் பறிப்பதில் தாமும் பங்காளியாகிறார்.

தொகை வந்த பின் எழும் சிக்கல் வேறு. கணவனை இழந்த பெண் இத்தாவில் இருக்கிறாள். கொழுந்தனோ மாமனாரோ அலுவலகம் சென்று வருகிறார். பணம் வந்ததும் "எங்கள் பிள்ளையின் இரத்தப் பணம், வந்தவளுக்கு என்ன பங்கு?" என்ற பேச்சு கிளம்புகிறது. இது புதிய பேச்சன்று. கொல்லப்பட்டவரின் திய்யத் ஆண்வழி உறவினருக்கே உரியது, மனைவிக்கு அதில் பங்கில்லை என்றே கலீஃபா உமர் (ரலி) அவர்களும் தொடக்கத்தில் கருதியிருந்தார்கள். அப்போது ளஹ்ஹாக் பின் சுஃப்யான் (ரலி) அவர்கள், அஷ்யம் என்பவரின் மனைவிக்கு அவருடைய கணவரின் திய்யத்தில் வாரிசுப் பங்கு கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தமக்குக் கடிதம் எழுதியதை எடுத்துரைத்தார்கள் (அபூதாவூத், திர்மிதீ). உமர் (ரலி) அவர்கள் தமது கருத்தை விட்டுவிட்டு அந்தக் கடிதத்தின்படியே தீர்ப்பளித்தார்கள்.